சுரைக்காயைக் குளிப்பாட்டிய மாதம்

மாவுக்கட்டை வெட்டி எடுத்த அன்று எனக்கு முதலில் வந்தது பயம்தான். நெற்றியிலிருந்து இடுப்புவரை நான்கு மாதம் என்னைப் பிடித்து நிறுத்தியிருந்த ஓடு அது. கோடை முழுவதும் அதற்குள் வெந்திருந்தேன். அரிப்புத் தாங்காமல் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி, உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டிருந்தேன். எப்போது கழற்றுவார்கள் என்று நாள் எண்ணியவள்தான், கழற்றியதும் தலை தனியாக உருண்டு விழுந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் சிரித்துவிட்டார்.

"கையை எடும்மா. விழாது. உள்ள நாலு எலும்பும் ஒண்ணாச் சேர்ந்துடுச்சு. இனிமே தூண் மாதிரி நிக்கும்."

கையை எடுத்தேன். தலை நின்றது. "கீழே பாரு" என்றார். என் கண்கள் மட்டும் கீழே போயின. மூக்கு நுனி தெரிந்தது, புடவைக் கொசுவத்தின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது. பாதம் தெரியவில்லை. "மேலே பாரு" என்றார். மேலேயும் அப்படித்தான். பக்கவாட்டில் மட்டும் கதவு இடுக்கு அளவு திரும்பியது.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான். இடுப்பெலும்புலேர்ந்து சீவி எடுத்துக் கழுத்துல வெச்சிருக்கோம். உயிரோட எழுந்து நிக்கிறே. அதை நெனச்சுக்கோ."

வலது கையை நீட்டிக் காட்டினேன். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் கம்பளி சுற்றியதுபோல் மரத்துக் கிடந்தன. முழங்கையிலிருந்து எறும்பு ஊர்வதுபோல் ஓயாமல் ஒரு குறுகுறுப்பு. தும்மினால் தோளிலிருந்து விரல்நுனிவரை சாட்டையால் அடித்ததுபோல் ஒரு வெட்டு வெட்டும். இதெல்லாம் எப்போது போகும் என்று கேட்டேன்.

"எலும்பு எங்க வேலை, முடிச்சுட்டோம். நரம்பு அது இஷ்டத்துக்குத்தான் வரும். ஒரு வருஷம் பாரு, ரெண்டு வருஷம் பாரு. வராததோட பழகிக்க வேண்டியதுதான்" என்றார். பொய் சொல்லாத மனிதர். அந்த நேரத்தில் அவர்மேல் கோபம்தான் வந்தது.

கழுத்து முறிந்தது ஒரு ஜட்காவில். ஊரில் டிராம் ஓடுவது நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமாகி ராயபுரத்துக்குக் குடிவந்த எனக்கு இருபத்திரண்டு வயது. வண்ணாரப்பேட்டையில் துணி வாங்கிக்கொண்டு திரும்பினேன். மழை தூறியது. வண்டியில் நான் ஒருத்திதான். வண்டிக்காரர், "முன்னால வாம்மா, பாரம் பின்னால சாயுது" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். முன்னால் போனால் குதிரையின் ஈர வால் முகத்தில் அடிக்கிறது என்று நான் பின்பக்கமே உட்கார்ந்திருந்தேன். குதிரையின் வயிற்றுவார் அறுந்தது. வண்டி பின்பக்கம் குடைசாய்ந்தது. நான் தலைகீழாகத் தெருவில் விழுந்தேன். வலி இல்லை. கைகால் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் மண்டையின் இரண்டு பக்கமும் இடுக்கி பொருத்தி, கயிற்றில் எடை கட்டித் தொங்கவிட்டு, கூரையைப் பார்த்தபடியே சில வாரங்கள் கிடத்தினார்கள். கால்களுக்கு முதலில் உயிர் வந்தது, பிறகு இடது கை, பிறகு வலது கையில் பாதி. அதன் பின்தான் ஆபரேஷன், மாவுக்கட்டு எல்லாம்.

எனக்குத் தாய் இல்லை. என் வீட்டுக்காரருக்கும் பெற்றோர் இல்லை. அவருக்கு ஒரே அக்கா, காலடிப்பேட்டையில் இருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். காலையில் சங்கு ஊதுமுன் போனால் சாயங்காலம்தான் வருவார். அதனால் வீட்டுக்கு வந்த மறுநாளே நானும் என் கழுத்தும் தனியாக விடப்பட்டோம்.

ஒரு நாளில் எத்தனை தடவை குனிகிறோம் என்பது குனிய முடியாதபோதுதான் தெரிகிறது. அடுப்பு தரையில், அம்மி தரையில், அரிவாள்மணை தரையில், தண்ணீர்ப்பானை தரையில். நாம் வாழ்வதே தரையில்தான். நான் உட்கார்ந்தால் எதிர்ச்சுவர் தெரியும். மடியில் இருக்கும் முறம் தெரியாது. முதுகையே வளைத்தால் பார்க்கலாம். ஆனால் பத்து நிமிஷம் வளைத்தால் பிடரியிலிருந்து நெற்றிவரை ஒரு வலி ஏறி, சாயங்காலம்வரை இறங்காது. எலும்பு எடுத்த இடுப்போ, கழுத்தைவிட அதிகமாக வலித்தது.

தண்ணீர் குடிப்பது இன்னொரு தொல்லை. அண்ணாந்து குடிக்க முடியாது. டம்ளரை உதட்டில் வைத்துத்தான் குடிக்க வேண்டும். என் வீட்டில் சரி. பிறத்தியார் வீட்டில், "எச்சில் பண்றாளே" என்று பார்ப்பார்கள். ஆமாம் என்று தலையாட்ட முடியாது, இல்லை என்றும் ஆட்ட முடியாது. யாராவது ஏதாவது சொன்னால் நான் விறைப்பாக நிற்பேன். எங்கள் வீட்டில் ஆறு குடித்தனம். முற்றத்தில் ஒரே குழாய். "ராயபுரத்துக்கு ராணி வந்திருக்கா, தலையைக்கூட ஆட்ட மாட்டேங்கறா" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் குழாயடியில் எனக்காகச் சண்டை போட்டவள் அடுத்த குடித்தனத்து மீன்கார அக்கா. என்னைவிட மூன்று வயதுதான் பெரியவள். விடியுமுன் கடற்கரைக்குப் போய் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றுவிட்டு உச்சிவேளைக்குத் திரும்புவாள்.

"அதும் கய்த்துல கம்பி கட்டி வெச்சிக்கிறாங்கோ. ஒங்க கய்த்துல கட்டட்டுமா? அப்ப தெரியும் பேஜாரு!" என்று அவள் ஒரு நாள் குடத்தை வைத்துக் கத்தியதில் பேச்சு நின்றது.

முதல் வெற்றி அடுப்பில் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சமைப்பதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பில் உப்புப் போடுகிறேன் என்று நினைத்து அடுப்புக்கு வெளியே போட்டுக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வந்து என் மார்பு உயரத்துக்குச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டார். அடுத்த ஞாயிறு உடைந்த செங்கல்லும் களிமண்ணும் கொண்டுவந்து அந்தக் கோடுவரை மேடை எழுப்பி, அதன்மேல் அடுப்பை ஏற்றினார். அரிவாள்மணையையும் ஒரு பலகையில் அடித்து அதே உயரத்தில் நிறுத்தினார்.

நின்றுகொண்டு சமைக்கிறாள் என்று ஆறு குடித்தனமும் வந்து வேடிக்கை பார்த்தது. "ஹோட்டல் மாதிரி கீதே" என்றாள் ஒருத்தி. அன்று மாசம் முழுவதற்கும் சேர்த்துச் சமைத்ததுபோல் ஒரு திருப்தி எனக்கு. குழம்பின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே கொதிக்க வைத்தேன். அந்த வருஷம் முடியுமுன் இன்னும் இரண்டு குடித்தனத்தில் மேடை வந்துவிட்டது. அவர்களுக்குக் கழுத்தில் ஒன்றுமில்லை. முட்டிவலி.

மறுவருஷம் நான் உண்டானேன். பயமுறுத்தாதவர்கள் இல்லை. வயிறு முன்னால் இழுக்கும், கழுத்து பின்னால் முறியும் என்று சொன்னார்கள். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனோம். "குழந்தையைக் கழுத்துலயா சுமக்கப்போறா?" என்று அவர் என் வீட்டுக்காரரைக் கேட்டார். வெளியே வந்ததும் இவர் சிரித்த சிரிப்பில் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

பிரசவ ஆஸ்பத்திரியில் நர்சம்மா என் தலைமாட்டில் நின்று, "முகவாயை மார்ல வெச்சு முக்கும்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "அது வராதும்மா" என்றேன். நான் முரண்டு பிடிப்பதாக நினைத்து அவரே என் தலையை அமுக்கப் பார்த்தார். தலை இம்மியும் அசையவில்லை. "இன்னா இது, கல்லா?" என்று கையை எடுத்துக்கொண்டார். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. முகவாயை மார்பில் வைக்காமலே பெற்றேன். பெண் குழந்தை. தூக்கிக் கண்ணுக்கு நேரே காட்டுங்கள் என்றேன். காட்டினார்கள். மூக்கு அவர் மூக்கு.

அதன்பின் அவளை என் மார்போடு வைத்தார்கள். அவள் என் பார்வையிலிருந்து மறைந்துபோனாள்.

அதை எப்படிச் சொல்வேன். குழந்தை பால் குடிக்கிறது. வாய் சப்புவது தெரிகிறது. மூச்சின் சூடு தெரிகிறது. முகம் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி குனிந்து தன் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் எதிர்ச்சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டு பால் கொடுக்கிறேன். இரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் ஒருக்களித்துப் படுத்து, அவளை என் முகத்துக்கு எதிரே கிடத்தி, தலையணையைச் சரிசெய்துகொண்டேன். அப்போது அவள் நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன. போதும் என்று இருந்தது. அன்று முதல் படுத்துத்தான் கொடுத்தேன்.

அண்ணி காலடிப்பேட்டையிலிருந்து வந்து ஒரு மாதம் தங்கினார். அவருக்குப் பிள்ளை இல்லை. ஆனால் அவர் தெருவில் அவர் கையால் குளிக்காத குழந்தை கிடையாது. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டித் தூளியில் போட்டால் மூன்று மணி நேரம் அசையாது. அவர் செய்வதை நான் நின்றபடி பார்ப்பேன். அந்த இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். என் கால் எனக்குத் தெரியாது. எண்ணெய்க் குழந்தையை என் வலது கை உணராது.

அண்ணி ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. நான் அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தைத் துணி பிடித்து இறக்கிவைத்தேன். அண்ணி சட்டென்று என் கையைப் பிடித்துத் திருப்பினார்.

"இன்னா பொண்ணே இது?"

கட்டைவிரலில் ஒரு கொப்புளம், புளியங்கொட்டை அளவு. துணி நழுவி விரல் பாத்திரத்தில் பட்டிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் அண்ணி அவரை உட்காரவைத்துப் பேசினார். என்னையும் வைத்துக்கொண்டுதான் பேசினார். முதுகுக்குப் பின்னால் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

"தம்பி, கொயந்தைய நா எட்த்துக்கினு போறேன். ஒரு வர்சம். அது எயுந்து நடக்கட்டும், கொண்டாந்து வுட்றேன். வாரத்துல ரெண்டு தபா நீங்க வந்து பாருங்க."

"பால்?" என்றார் இவர்.

"பசும்பால் குட்த்து வளராத கொயந்தையா? தோ பாரு, நா யார் மேலயும் கொற சொல்லலே. கீய பாக்க முடியாத கய்த்து. சூடு தெரியாத கை. தன் வெரல் வெந்தது தெரியாதவ கையில பச்சப் புள்ளய எப்டி வுட்டுட்டுப் போவேன்? நீயே சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாதி அண்ணி பக்கம் இருந்தது. எனக்கு அண்ணியின் பேச்சைவிட அதுதான் சுட்டது. அண்ணி சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அண்ணியின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஒரு மாசம் குடுங்க அண்ணி" என்றேன். "மீன்கார அக்கா தினம் மதியம் வந்து குளிப்பாட்டுவாங்க. கை பழகற வரைக்கும் நான் குளிப்பாட்ட மாட்டேன். ஒரு மாசம் கழிச்சு நீங்க வந்து பாருங்க. அப்பவும் என்னால முடியாதுன்னு தோணினா, நானே தூக்கிக் குடுத்துடறேன்."

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி. ஒரு மாசம்" என்றார்.

அவர் போன மறுநாள் என் வீட்டுக்காரரிடம், "எனக்குக் குளிப்பாட்ட ஒரு மேடை வேணும்" என்றேன். பாதி மனசோடுதான் ஆரம்பித்தார். கப்பலில் சாமான் வந்த மரப்பெட்டி ஒன்றைப் பிரித்து, இழைத்து, என் மார்பு உயரத்துக்கு நான்கு கால் வைத்த பெஞ்சு ஒன்று செய்தார். சுற்றிலும் நான்கு விரல் உயர விளிம்பு. நடுவில் ஒரு தகரத் தொட்டியை உட்காரவைத்தார். தண்ணீர் வடிய ஒரு குழாய். செய்யச் செய்ய அவருக்கே உற்சாகம் பிறந்துவிட்டது. காலில் ரப்பர் வேண்டும், வழுக்கக்கூடாது என்று அவராகவே பழைய டயரை வெட்டி அடித்தார்.

மேடை வந்துவிட்டது. கை? குழந்தையை வைத்துப் பழக எனக்குத் தைரியம் இல்லை. மீன்கார அக்கா மதியம் கூடையை இறக்கிவிட்டு, குளித்து, மஞ்சள் பூசிய கையோடு வந்தாள். யோசித்தாள்.

"இருமே" என்று போய், ஒரு சுரைக்காயோடு திரும்பினாள். நல்ல கனமான காய். "இத்தும் ஒன் பொண்ணு கனந்தான். எண்ண தடவு. குளிப்பாட்டு. வுட்டா ஒடையும். ஒடஞ்சா கொயம்பு."

எண்ணெய் தடவினேன். தொட்டியில் பிடித்துத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டாவது சொம்பிலேயே வலது கையிலிருந்து வழுக்கி, விளிம்பைத் தாண்டி, தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

அக்கா சிரிக்கப்போனவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கண்ணீர் நேராகக் கன்னத்தில் வழிந்தது. முகத்தைக் கவிழ்த்து அழக்கூட முடியாத பிறவியாக ஆகிவிட்டேனே என்று நினைத்தேன்.

"சும்மா அய்வாதே. ஒனக்கு எந்தக் கை நல்ல கை?"

"இடது."

"அப்ப இன்னாத்துக்கு வலக்கையில புட்ச்சே? நல்ல கையில புடி. செத்த கையில தண்ணி ஊத்து. அதுக்கு ஊத்தறதுக்கு இன்னா தெரியணும்?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. பிறந்தது முதல் வலது கைக்காரி. வலது கையை மறுபடியும் வலது கையாக ஆக்குவதிலேயே இரண்டு வருஷம் போயிருந்தது. அன்று சாயங்காலம் சுரைக்காய்க் குழம்பு. அவரிடம் எதற்கு என்று சொல்லவில்லை.

மறுநாள் இன்னொரு சுரைக்காய். இடது முன்கையை அதன் அடியில் கொடுத்து, விரல்களால் மறுபக்கத்து "தோளை"ப் பிடித்துக்கொண்டேன். இப்போது வழுக்கவில்லை. ஆனால் இடது கைக்கு வலு போதவில்லை. ஐந்து நிமிஷத்தில் நடுங்கியது. மூன்றாம் நாள் பத்து நிமிஷம். தண்ணீர்ச் சூட்டை வலது கையால் பார்ப்பதை விட்டேன். இடது முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். முழங்கை பொய் சொல்லவில்லை. வாரக் கடைசியில் அக்கா சுரைக்காய்க்குக் கரியால் கண்ணும் வாயும் எழுதி, "எங்க, காதுல தண்ணி பூந்துடாம ஊத்து" என்றாள். ஊற்றினேன். ஆறு குடித்தனத்துப் பெண்களும் வாசலில் நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிப்பில் உடம்பு குலுங்கியபோதும் பிடி விடவில்லை. அதைக் கவனித்ததும் இன்னும் சிரிப்பு வந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் பயம்தான். வாசற்படி தெரியாது, தரையில் கிடக்கும் சொம்பு தெரியாது. அதையும் அக்காவிடம் சொன்னேன்.

"நா தலையில கூடைய வெச்சிக்கினு கீய பாத்தா நடக்கறேன்? பாத்தா மீனு பூரா ரோட்ல கீது. காலு பாக்கும்மே. கால மெதுவா வெய்யி, தரைய தடவு, அப்பால பாரத்தப் போடு" என்றாள். தன் காலிக் கூடையை எடுத்து என் இடுப்பில் கொடுத்து, முற்றத்தில் இரண்டு சுற்று நடக்கவைத்தாள். குழாயடிக்காரிகளிடம், "தரையில எவளாச்சும் சொம்பு போட்டு வெச்சிங்க, தூக்கிக் கடல்ல போட்ருவேன்" என்று ஓர் எச்சரிக்கையும் கொடுத்தாள். அதன்பின் முற்றத்தில் ஒரு சொம்புகூடத் தரையில் கிடந்ததில்லை.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, அக்கா குழந்தையைத் தூக்கி வந்து என் எதிரே நீட்டினாள். "சுரக்கா வாங்கி வாங்கி எனக்கே அலுத்துப்பூட்சு. இந்தா."

வாங்கினேன். எண்ணெய் தடவினேன். சுரைக்காய் உதைக்காது என்பதை மறந்திருந்தேன். இவள் உதைத்தாள். ஆனால் இடது கைக்கு இப்போது வேலை தெரிந்திருந்தது. அதைவிட, மேடை உயரத்தில் அவள் முகம் என் கண்ணுக்கு நேரே இருந்தது. பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவளை முழுதாக, கால்விரல்வரை, நானே பிடித்துக்கொண்டு பார்த்தேன். இடது தொடையில் ஒரு சின்ன மச்சம். ஒரு மாதத்துக்கு மேலாகியும் எனக்குத் தெரியாது. அவளும் என்னைப் பார்த்தாள். யார் இது, இத்தனை நாள் வெறும் வாசனையாக இருந்தவள் என்பதுபோல் பார்த்தாள்.

அன்று முதல் நான்தான் குளிப்பாட்டினேன். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். சில நாள் கழித்து நிற்காமல் முற்றத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

சொன்ன மாதம் முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. உச்சிவேளை. குழந்தையைத் தொட்டியில் பிடித்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் வாசலில் காலடிச் சத்தம். என்னால் திரும்பிப் பார்க்க முடியாது. இரண்டு கையும் வேலையில் இருந்தன. அக்காதான் என்று நினைத்து, "கொஞ்சம் இரு, காதை மூடிட்டு இன்னும் ரெண்டு சொம்பு ஊத்திடறேன்" என்றேன்.

ஊற்றினேன். அவள் ஒரு திமிறு திமிறினாள். பிடித்துக்கொண்டு, "திமிறுடி, திமிறு. அம்மா கை சுரைக்காயையே விடாத கை" என்று கொஞ்சினேன். வாயைத் துடைத்து, மூக்கைத் துடைத்து, புரட்டி முன்கையில் குப்புறப் போட்டு முதுகுக்கு ஊற்றினேன்.

"அக்கா, அந்தத் துண்டை எடு" என்று கையைப் பின்னால் நீட்டினேன்.

துண்டு கையில் வந்தது. மரத்த கைக்கு அது துண்டா, வேறெதுவா என்று தெரியாது. பிடித்து முன்னால் கொண்டுவந்தேன். அப்போதுதான் துண்டை விடாமல் கூடவே வந்த கையைப் பார்த்தேன். பச்சைக் கண்ணாடி வளையல். மீன்கார அக்கா வளையல் போட மாட்டாள்.

முழு உடம்பையும் திருப்பினேன், குழந்தையோடு. அண்ணி நின்றுகொண்டிருந்தார்.

எத்தனை நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் வந்தது தெரிந்திருந்தால் என் கை நிச்சயம் நடுங்கியிருக்கும். தெரியாததால் நடுங்கவில்லை. அந்தக் கழுத்துக்கு நான் நன்றி சொன்ன முதல் நாள் அதுதான்.

அண்ணி கிட்டே வந்தார். குழந்தையின் கழுத்து மடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இங்க எண்ண நிக்குது பாரு. நல்லா தொட. இல்லாட்டி புண்ணாயிடும்."

துடைத்தேன். சாம்பிராணிக் கரண்டியை அவரே எடுத்துவந்து புகை காட்டினார். தூளியில் நான் போட்டேன், அவர் ஆட்டினார். அவள் தூங்கிய பிறகுதான் உட்கார்ந்தார். பையிலிருந்து இரண்டு சட்டை எடுத்து வைத்தார். குழந்தையை எடுத்துப் போவதற்கென்று தைத்துக் கொண்டுவந்தவை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"இது இங்கியே இர்க்கட்டும்" என்றார்.

"சாப்பிடுங்க அண்ணி" என்றேன். மேடை அடுப்பில் நின்றபடியே அவருக்குத் தோசை வார்த்தேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் குளிப்பாட்டும் பெஞ்சைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அசைத்துப் பார்த்தார். கீழே ரப்பரைத் தட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் தம்பி வந்ததும், "எனக்கும் இது மாதிரி ஒண்ணு செஞ்சு குடு நைனா" என்றார். "கால நீட்டிக் குந்தி எயுந்திருக்கறதுக்குள்ள உயிர் போவுது. முட்டி ரெண்டும் போச்சு. யார்கிட்ட சொல்றது?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை அந்தப் பார்வை பாதியாக இல்லை.

இரண்டாவது பெஞ்சு அண்ணியின் உயரத்துக்குக் கொஞ்சம் குட்டையாகச் செய்யப்பட்டது. ஒரு ஞாயிறு என் வீட்டுக்காரர் அதைக் கைவண்டியில் ஏற்றி, திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாகக் காலடிப்பேட்டைக்குத் தள்ளிக்கொண்டு போனார். நான் குழந்தையோடு ரயிலில் போனேன். நானே தூக்கிக்கொண்டு, நானே படியேறி, ஒவ்வொரு படியையும் காலால் தடவி. பெட்டியில் ஓர் அம்மாள், "ஏம்மா, கொயந்த மூஞ்சியக்கூட பாக்காம எங்கியோ பாத்துக்கினு கீறியே" என்றாள். குழந்தையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவள் அந்த அம்மாளுக்கும் சேர்த்துச் சிரித்தாள்.

இப்போது அவளுக்கு மூன்று வயது. என் விரல்கள் மூன்றும் இன்னும் மரத்தேதான் இருக்கின்றன. ஐப்பசி மழையில் கழுத்து மரக்கட்டையாகிவிடும். காலையில் வெந்நீர் ஒத்தடம் இல்லாமல் எழுந்திருக்க முடியாது. தும்மினால் சாட்டையடி உண்டு. டாக்டர் சொன்ன இரண்டு வருஷம் எப்போதோ தாண்டிவிட்டது. வராதது வரவில்லை. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். மழைக்காலத்துக்கு முன்பே கம்பளித் துணியைத் தேடி எடுத்துவைக்கிறேன்.

அவள் நடக்க ஆரம்பித்ததும் புது வம்பு வந்தது. கிட்டே வந்தால் என் கண்ணுக்குக் கீழே போய்விடுவாள். எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அண்ணி மணி வைத்த கொலுசு ஒன்று வாங்கி வந்து போட்டார். சத்தம் நின்றால்தான் எனக்குக் கவலை. அவளும் தானாக ஒன்றைக் கற்றுக்கொண்டாள். என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் புடவையைப் பிடித்து இழுப்பதில்லை. நாலடி பின்னால் போய், நான் பார்க்கக்கூடிய இடத்தில் நின்று, "அம்மா, நா இங்க கீறேன்" என்று கையை ஆட்டுவாள். மற்றக் குழந்தைகள் கிட்டே வருகிற நேரத்தில் இவள் எட்டிப் போவதைப் பார்த்து ஊர் சிரிக்கும்.

நேற்று சாயங்காலம் மீன்கார அக்காவோடு கடற்கரைக்குப் போனோம். வலை உலர்த்தியிருந்த மணலில் அவள் ஓடினாள். அக்கா, "ஏய், வலைல வுழப்போறே" என்று கத்தினாள். நான் கத்தவில்லை. எதிரே அலை, அலைக்கு முன்னால் நன்றாகத் தெரிகிற தூரத்தில் என் பெண். கொலுசுச் சத்தம் காற்றில் விட்டுவிட்டு வந்தது. மணலைக் காலால் தடவித் தடவி நானும் வேகமாக நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் தடவுவதை மறந்து ஓடவே ஆரம்பித்திருந்தேன்.